வீடு எவ்வளவு முடிந்தது? செலவும் காலமும்: கேள்வி பதில் (கேட்டவர்கள் மொரிஷியஸ் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

ரோஸ் ஹில்: ஐயா, வீட்டு மதிப்பீடு 6 மில்லியன் ரூபாய். நான்காம் மாத முடிவில் 2.4 மில்லியன் செலவாகியிருக்க வேண்டும், 2.2 தான் ஆனது. மிச்சம்தானே?

மிச்சமில்லை. மூன்றாவதாக ஓர் எண் வேண்டும்: முடிந்த வேலையின் மதிப்பு, அதுவும் மதிப்பீட்டு விலையில். நீங்கள் அனுப்பிய பட்டியலில் முடிந்தவற்றைக் கூட்டினால் 1.8 மில்லியன். 1.8-ஐ 2.2-ஆல் வகுத்தால் 0.82, ஒரு ரூபாய் கொடுத்து 82 சதத்துக்கு வேலை வாங்குகிறீர்கள். 1.8-ஐ 2.4-ஆல் வகுத்தால் 0.75, வேலை கால் பங்கு பின்தங்கியிருக்கிறது. இதே போக்கு நீடித்தால் வீடு சுமார் 7.3 மில்லியனில் நிற்கும் (6-ஐ 0.82-ஆல் வகுத்தது). பணம் கொடுத்ததை வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள்.

கியூர்ப்பீப்: கூரைத் தளம் 90 சதவீதம் என்று மூன்று வாரமாகச் சொல்கிறார்கள்.

சதவீதம் கேட்காதீர்கள். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) முடிந்தால் 30, கம்பி கட்டிச் சரிபார்த்தால் 40, கான்கிரீட் போட்டால் 30 என்று முன்பே எழுதி வையுங்கள். பாதி கட்டிய கம்பிக்குச் சுழியம்.

வாக்குவா: இறக்கிய கம்பியை முடிந்த வேலையில் சேர்க்கலாமா?

கூடாது.

மஹேபூர்: மறுக்கிறேன் ஐயா. இடைக்கால பில்லில் கட்டும் இடத்தில் இறக்கிய பொருளுக்கும் பணம் தருகிறோமே?

ஒப்பந்தம் அனுமதித்தால் தரலாம். அது பணப் பட்டுவாடா. கம்பி குவியலாகக் கிடந்தால் தூண் எழுந்துவிடாது.

மஹேபூர்: அப்படியானால் கம்பி பில் செலவில் ஏறி, வேலையைச் செலவால் வகுத்த விகிதம் காரணமில்லாமல் சரியுமே?

நல்ல பிடி. அதனால் கம்பியை இருப்புக் கணக்கில் வையுங்கள். கட்டிய அளவை மட்டும் செலவுக்கு மாற்றுங்கள். மறுபக்கமும் உண்டு: கான்கிரீட் போட்டாகிவிட்டது, பில் வரவில்லை என்றால், லாரிச் சீட்டில் உள்ள கன மீட்டரை விலையால் பெருக்கி அன்றே செலவில் எழுதுங்கள். வேலைக்கும் செலவுக்கும் கணக்கு முடிக்கும் தேதி ஒன்றே. இதைத் தவறவிட்டால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

பெல் எர்: 1.5 மில்லியன் கொடுத்தேன், திட்டம் 1.7. லாபமா?

ரோஸ் ஹில் பதிலைப் படியுங்கள்.

போர்ட் லூயி: காலக் குறியீடு (முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டமிட்டதால் வகுத்தது) 0.97. நிம்மதியாக இருக்கலாமா?

இருக்காதீர்கள். அது பணத்தில் அளந்த காலம். விலை கூடிய ஜன்னல்களை முன்னதாக மாட்டினாலே எண் ஏறிவிடும், கூரை தாமதமானாலும். ஒரு வருடம் பிந்திய வீடும் முடிந்த அன்று 1 காட்டும். அஸ்திவாரம், தூண், கூரை என ஒன்று முடிய மற்றொன்று காத்திருக்கும் வேலைகளை நாள் கணக்கில் தனியாகப் பாருங்கள்.

காத்ர் போர்ன்: ஜனவரிப் புயலில் ஆறு நாள் போயிற்று. அட்டவணையைத் திருத்தலாமா?

முதல் அட்டவணையை அழிக்காதீர்கள். அந்த ஆறு நாளைக் காரணத்தோடு பக்கத்தில் எழுதுங்கள். புயல் பருவத்தில் சென்ட்ரிங் அடித்துவிட்டுக் கம்பிக்காகக் காத்திருக்க வேண்டாம். கம்பி வந்து இறங்கிய பிறகே பலகை ஏறட்டும்.