ஓராண்டுப் படிப்புக்கு ஒன்றரை ஆண்டுக் கட்டணமா?

கேள்வி: மகளுக்கு இங்கிலாந்தில் 12 மாத எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு கட்ட வேண்டிய மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு என்று படித்தேன். கன்சல்டன்சியில் 1,164 பவுண்டு என்கிறார்கள். 'எங்கள் கார்டிலேயே கட்டிவிடுகிறோம், நீங்கள் ரூபாயாகக் கொடுங்கள்' என்கிறார்கள். இங்கேயே காப்பீடு எடுத்தால் இதைத் தவிர்க்க முடியாதா? (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: தொகை சரி. கார்டுதான் தப்பு.

கட்டணம் விசாக் காலத்துக்கு, படிப்புக் காலத்துக்கு அல்ல. 12 மாதப் படிப்பு என்றால் முடிந்தபின் 4 மாதம், தொடங்கும் முன் ஒரு மாதம் வரை சேர்த்து விசா தருவார்கள். முதல் ஆண்டுக்கு 776. மிச்சம் ஆறு மாதத்துக்குள் அடங்குவதால் பாதி, 388. நாலைந்து மாதத்துக்கு எதற்கு ஆறு மாதக் காசு என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. 2015இல் இது தொடங்கியபோது மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுண்டுதான்! விசாக் கட்டணம் வேறு தனி. காப்பீடு எடுத்தாலும் விலக்கு கிடையாது.

இனி கார்டு. விசா மறுக்கப்பட்டால் இந்த மருத்துவக் கட்டணம் திரும்பி வரும், வழக்கமாக ஆறு வாரத்துக்குள். கட்டிய கார்டுக்கே வரும். கன்சல்டன்சி கார்டில் கட்டினால் கன்சல்டன்சிக்குப் போகும். அப்புறம் 'இன்னும் வரவில்லை சார்' என்பதைக் கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் நடக்க வேண்டியதுதான். வங்கியில் சொல்லி வெளிநாட்டுச் செலவு வரம்பை உயர்த்தி, உங்கள் கார்டிலேயே கட்டுங்கள். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரியும் மகளுடையதாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். மறுத்தால் பணம் வரும். முடிவு வரும் முன் விண்ணப்பத்தை நாமே திரும்பப் பெற்றாலும் வரும். ஆனால் விசா கிடைத்துவிட்டு மகள் போகவில்லை என்றால் வராது. பாதியில் ஊர் திரும்பினாலும் வராது. வேறு நாட்டுக் கல்லூரியின் பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்றால், அந்த முடிவை எடுத்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அங்கே உள்ளூர் டாக்டரிடம் பதிவு செய்வது இலவசம். கன்சல்டன்சி பில்லில் 'என்.எச்.எஸ். (அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை) பதிவு' என்று ஒரு செலவு இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். 1,164 பவுண்டு கட்டியும் பல் வைத்தியத்துக்குத் தனிக் காசு. இங்கிலாந்தில் டாக்டர் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. விமானம் ஏறும் முன் ஈரோட்டிலேயே பல்லை ஒருமுறை காட்டிவிடுங்கள்.