மமோகிராம் றிப்போட்டில் பூச்சியம்

வணக்கம் டொக்டர்,

அம்மாவுக்கு 54 வயது. கட்டி, நோவு ஒன்றும் இல்லை. அயலில் ஒருவருக்கு வந்ததைக் கேட்டுப் பயந்து மமோகிராம் எடுத்தா. “இடது மார்பில், ஒரு படத்தில் மட்டும் சமச்சீரில்லாத அடர்த்தி, பை-ராட்ஸ் 0, அல்ட்ராசவுண்ட் தேவை” என்று றிப்போட் வந்திருக்கிறது. ஸ்கானுக்கு இரண்டு கிழமை இருக்கிறது. அம்மாவிடம் “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டோம். கனடாச் சித்தி, உடனே கொழும்புக்குக் கூட்டிப்போகட்டாம், ஊசி குத்த விடவேண்டாம், பரவிவிடுமாம் என்கிறா. என்ன செய்யலாம்?

மகள், கோண்டாவில்

அன்புள்ள மகளுக்கு,

பை-ராட்ஸ் என்பது மார்புப் படத்தின் முடிவை எண்ணாகச் சொல்லும் முறை. அதில் பூச்சியம் என்றால் நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. கையிலுள்ள படங்களை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

மமோகிராம் என்பது மார்பகத்தின் எக்ஸ்ரே. ஒவ்வொரு மார்புக்கும் இரண்டு படம் எடுப்பார்கள்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் சரிவாக ஒன்று. மெல்லிய சேலையை மடித்துப் பிடித்தால் மடிப்பு விழுந்த இடம் இருண்டு தெரியும் அல்லவா, அதுபோல இழையங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் படத்தில் அடர்த்தியாகத் தெரியும். உண்மையான கட்டி பெரும்பாலும் இரண்டு படத்திலும் தெரியும். அம்மாவுக்கு ஒன்றில் மட்டும் தெரிவதால், மடிப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த இடத்தை மட்டும் அழுத்தி இன்னொரு படம் எடுத்தால் மடிப்பு விரிந்து மறைந்துவிடும். நீர்க்கட்டியா திண்மக் கட்டியா என்பதை ஸ்கான் பிரித்துக் காட்டும். அமெரிக்கக் கணக்கில், அறிகுறியில்லாமல் மமோகிராம் எடுப்பவர்களில் 100க்கு 10 பேரளவில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிடப்பட்டவர்களில் புற்றுநோய் காணப்படுவது பத்தில் ஒருவருக்கும் குறைவு.

முன்பு எப்போதாவது மமோகிராம் எடுத்திருந்தால் அந்தப் படத்தையோ சீடியையோ தேடி எடுங்கள். றிப்போட் தாள் மட்டும் போதாது, ஒப்பிடுவதற்குப் படம்தான் வேண்டும். அதே அடர்த்தி பழைய படத்திலும் மாறாமல் இருந்தால் பல நேரம் விஷயம் அதோடு முடிந்துவிடும். மறுபடி மமோகிராம் எடுப்பார்கள் என்றால் அன்று காலை மார்பிலும் கமக்கட்டிலும் பவுடர், டியோடரண்ட் போடக்கூடாது. அவை படத்தில் சுண்ணாம்புப் பொட்டுகளாகத் தெரிந்து வீண் குழப்பம் தரும்.

ஸ்கானுக்குப் பிறகு வேறு எண் தருவார்கள். 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் புற்றுநோய் வாய்ப்பு 2 வீதத்துக்கு மேல் இல்லை; ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள், அந்தத் திகதியைத் தவறவிடவேண்டாம். 4 என்றால் பயொப்சி, அதாவது ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. ஆனால் 4 என்பது 2 வீதத்திலிருந்து 95 வீதம் வரை நீளுகிற பெரிய வகுப்பு, ஆகவே 4ஏயா, பியா, சியா என்று கேளுங்கள். 4ஏ என்றால் 10 வீதத்தைத் தாண்டாது. 5 என்றால் 95 வீதமும் அதற்கு மேலும்.

பயொப்சியால் பரவும் என்ற சித்தியின் பயத்துக்கு ஆதாரமில்லை. விறைப்பூசி போட்டு, ஸ்கானில் பார்த்தபடி ஊசியால் சில சிறு துண்டுகள் எடுப்பார்கள். ‘டக்’ என்று சத்தம் கேட்கும் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பலர் திடுக்கிடுவது அந்தச் சத்தத்துக்குத்தான். அஸ்பிரின், வார்பரின் போன்றவை எடுக்கிறவ என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், தாமாக நிறுத்தவேண்டாம். பயொப்சி செய்யாமல் “வெட்டி எடுத்துவிடுவோம்” என்று யாரும் சொன்னால், ஏன் என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

ஸ்கானுக்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. இரண்டு கிழமை பொறுப்பதால் எதுவும் கெட்டுவிடாது, மாதக்கணக்கில் விடுவதுதான் பிழை. இதற்கிடையில் அம்மாவின் கைக்குக் கட்டி தட்டுப்பட்டாலோ, முலைக்காம்பு உள்ளிழுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ திகதிக்குக் காத்திராமல் கிளினிக்குக்குப் போங்கள். பிறகு சிகிச்சை தேவைப்பட்டாலும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலை மட்டும்தான் வழி என்றில்லை, தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது.

மறைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்கான் அறையில் அந்நியர் வாயால் கேட்டால் நீங்கள் பிறகு சொல்லும் நல்ல செய்தியையும் அம்மா நம்பமாட்டா. “படம் தெளிவில்லையாம், இன்னொருக்கால் பார்க்கவேணுமாம்” என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. வெளிநாட்டு அழைப்புகளை வீட்டில் ஒருவர் மட்டும் எடுத்துப் பேசட்டும். இரவில் போனில் தேடிப் படிப்பதை இருவரும் விடுங்கள். எழும் கேள்விகளைக் கிளினிக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிவையுங்கள்.

பயொப்சி வரை போனால் அந்தத் தாளில் இந்தக் கேள்வியையும் சேருங்கள்: “பயொப்சி முடிவும் படத்தில் கண்டதும் ஒத்துப்போகிறதா?” ஒத்துப்போகாவிட்டால், ‘புற்றுநோய் இல்லை’ என்று முடிவு வந்தாலும் திரும்ப எடுக்கவேண்டி வரலாம்.