கற்பனை உலக வீடியோ கேம்களில் டிராகன் போன்ற உயிரினங்கள் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்?

முதல் சந்திப்பில் ஓடி ஒளியத்தான் தோன்ற வேண்டும். அந்த அளவு பலம் போதும்.

ஸ்கைரிமில் (2011) முதல் டிராகனை வீழ்த்தியபோது எனக்குப் பெருமையே வரவில்லை. நான் கோபுரத்துக்குள் பதுங்கிக்கொண்டிருக்க, வெளியே காவலர்கள் அம்பு விட்டே பாதி வேலையை முடித்துவிட்டார்கள். அப்புறம் போகிற வழியில் மேமத் (ரோம யானை) மேய்க்கும் ராட்சசன் ஒருவனைச் சீண்டினேன். தடியால் ஒரே அடி, என் ஆள் வானத்துக்கே போய்விட்டான்! உலகை விழுங்க வந்த இனம் என்று ஊரே நடுங்குகிறது. கடைசியில் மேய்ப்பன் அதைவிடப் பலசாலி.

சரி, எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கான உயிர்ப் புள்ளிகளை ஏற்றிவிட்டால் ஆயிற்றா? இருபது நிமிடம் டிராகனின் ஒரே காலையே வெட்டிக்கொண்டிருந்தால் பயம் போய்க் கொட்டாவிதான் வரும்.

டார்க் சோல்ஸ் இதை அழகாகச் செய்திருக்கிறது. அதன் கூடுதல் பகுதியில் (2012) கலமீட் என்ற கருப்பு டிராகன் வரும். தலைக்கு மேலே பறந்து நெருப்பைக் கொட்டிவிட்டுப் போய்விடும். எவ்வளவு பெரிய வாள் வைத்திருந்தாலும் நம்மால் அதை வீழ்த்த முடியாது. தலைக்கவசத்தின் கண்துளைகள் பிசினால் அடைபட்ட கிழ வில்லாளி ஒருவரைத் தேடிப்போய்ப் பேச வேண்டும். அவர் ஒரே அம்பில் அதைத் தரையில் இறக்கிக் கொடுத்த பிறகுதான் நம் சண்டையே. இறங்கிய பிறகும் வாலைச் சுழற்றி நம்மை நாலைந்து முறை சாகடிக்கும் என்பது வேறு விஷயம். தனியாக முடியாது என்று ஒருமுறை உணர்ந்துவிட்டால், பின்னால் கிடைக்கும் வெற்றிக்கு ருசியே வேறு.

சண்டையே இல்லாமலும் இது முடியும். செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டில் (2017) மூன்று டிராகன்கள் வானத்தில் சுற்றுகின்றன. அம்பு விட்டால் ஒரு செதில் உதிரும், அவ்வளவுதான். அவை நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும். பெரிய எதிரியோடு மோதும் எந்த பாஸ் சண்டையும் எனக்கு இப்படி ஒரு பிரமிப்பைக் கொடுத்ததில்லை.

எண்ணிக்கையும் குறைவாக இருக்க வேண்டும். உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் முதல் போகிமான் கேமில் மியூட்டூ என்ற மிகப் பலமான உயிரினம் ஒன்றே ஒன்றுதான், அதன் குகையும் சாம்பியன் ஆன பிறகே திறக்கும். அப்படிப்பட்டதை, எதையும் தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் என்ற பந்தை வீசி ஒரு நொடியில் பிடித்துப் போட்டவன் நான். இன்றுவரை அந்த அவசரத்துக்கு வருத்தம் உண்டு.