சி டிரைவ் நிரம்பிவிட்டது, ஆனால் ஃபோல்டர்களைக் கூட்டினால் கணக்கு வரவில்லை. மீதி இடம் எங்கே?

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, எல்லா ஃபோல்டர்களையும் தேர்ந்தெடுத்து அளவு பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வருகிறது என்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். இதே நிலையில் நான் அவசரப்பட்டுப் பழைய புகைப்படங்களை அழித்தேன். 6 ஜிபி கிடைத்தது, நான்கே நாளில் அதுவும் நிரம்பிவிட்டது. படங்கள் போனதுதான் மிச்சம்.

என்னுடையது 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை 238 என்றுதான் காட்டும். அது 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுக்கிற கணக்கு, அதைத் தேட வேண்டாம். 231 ஜிபி நிரம்பியிருந்தது, ஃபோல்டர்களின் மொத்தமோ 140. அப்படியானால் 91 ஜிபி எங்கே?

விஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிப் பார்த்தேன். டிரைவின் மாஸ்டர் ஃபைல் டேபிளையே, அதாவது எல்லா ஃபைல்களின் விவரமும் இருக்கும் பட்டியலையே, நேராகப் படிப்பதால் சில நொடிகளில் எல்லாவற்றையும் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்திவிடும். இதே வேலையைச் செய்யும் விண்டிர்ஸ்டாட்டும் நல்லதுதான், ஆனால் நமக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர்களுக்குள் அது போக முடியாமல் போகலாம். இங்கே விஷயமே அந்த ஃபோல்டர்களில்தான் இருக்கிறது.

பட்டியலின் மேலேயே 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்', ஏறத்தாழ 80 ஜிபி! ரிஸ்டோர் பாயிண்டுகள், அதாவது கோளாறு வந்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவுகள், சேரும் இடம் அது. எக்ஸ்ப்ளோரரால் உள்ளே பார்க்க முடியாது, அதனால் அதன் கூட்டலில் இது வரவே வராது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிஸ்டோர் பாயிண்ட்' என்று தேடி, சி டிரைவைத் தேர்ந்து, கான்ஃபிகர் பொத்தானை அழுத்தினேன். இவை எடுக்கக்கூடிய இடத்தின் உச்சவரம்பு டிரைவில் 40 சதவீதம் என்று நின்றது. 5-க்கு இறக்கியதும் பழைய பாயிண்டுகள் நீங்கி இடம் திரும்பிவிட்டது.

உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கலாம். ஹைபர்னேட்டுக்காக, அதாவது திறந்திருப்பதையெல்லாம் வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பதற்காக, மறைந்திருக்கும் 'ஹைபர்ஃபில்.சிஸ்' ஃபைல் வழக்கமாக ரேமில் 40 சதவீதம் வரை எடுக்கும், 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். ஹைபர்னேட் பயன்படுத்தாதவர்கள் அந்த வசதியை அணைத்துவிடலாம், ஃபைல் தானாகப் போய்விடும், கூடவே கணினியை வேகமாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போகும். பெரிய அப்டேட்டுக்குப் பின் பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டர் இருந்தால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியிலிருந்தே நீக்குங்கள்.

அப்புறம், விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைக்கும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' ஃபோல்டர் பெரிதாகத் தெரிந்தால் கை வைத்துவிடாதீர்கள். அதிலுள்ள பல ஃபைல்கள் விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களிலும் அதே ஃபைலாகத் தெரிபவை, வட்டில் ஒரே பிரதிதான். அதனால் காட்டுகிற அளவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப் கருவியில் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' கொடுத்தால் அதில் தேவையில்லாததை மட்டும் அதுவே எடுத்துவிடும்.