ஆவாரை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: ஐயா, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆவாரங்காய் பறித்து வந்து மாடித் தொட்டியில் மூன்று முறை விதைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. இன்னொன்று, அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆவாரம்பூக் கஷாயம் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மாத்திரையை நிறுத்தவே கூடாதம்மா. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பதை நம்பி அந்தத் தவறைச் செய்யாதீர்கள். சித்த மருத்துவத்தில் சர்க்கரைக்குக் கொடுக்கும் ஆவாரைக் குடிநீரில் கொன்றை, நாவல், மருதம் எல்லாம் சேரும். அது மருத்துவர் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கினால் மயக்கம் வரும். அதனால் மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடமும் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

சரி, விதைக்கு வருவோம். தவறு உங்கள் தண்ணீரில் இல்லை, விதையின் தோலில் இருக்கிறது. அந்தக் கெட்டித் தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. விதையை விரலால் அழுத்திப் பிடித்து, சிமெண்டுத் தரையில் ஓர் ஓரத்தை மட்டும் உரசுங்கள். பழுப்புக்குக் கீழே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் சில விதைகள் உப்பியிருக்கும். உப்பாததை இன்னொரு முறை உரசுங்கள். உப்பியதை அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள்.

நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாதீர்கள். ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும் செடி இது, வேர் அறுந்தால் தேறாது. ஒன்றரை அடி ஆழமுள்ள தொட்டியில், செம்மண்ணும் மணலும் கலந்து, நேரடியாக விதைப்பதே நல்லது. நாள் முழுக்க வெயில் படட்டும். செடி பிடித்த பிறகு தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். காங்கேயம் பக்கம் சரளைக் காட்டில், யாரும் ஒரு சொட்டு ஊற்றாமல் மஞ்சளாகப் பூத்து நிற்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

பூத்ததும் ஒரு காலை நேரம் பக்கத்தில் நின்று கேளுங்கள். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து ‘விர்ர்ர்’ என்று உடம்பை அதிரவைக்கும். மகரந்தப் பையின் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத் தூள் கொட்டும். இந்தப் பூவில் தேன் கிடையாது, வண்டு வருவதே அந்தத் தூளுக்காகத்தான். இலையில் பச்சைப் புழு இருந்தாலும் மருந்து அடிக்காதீர்கள். பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். அப்புறம், நீங்கள் குடிக்கப் போகும் பூ அது.

என் அப்பா ஏர் ஓட்டும்போது தலையில் ஆவாரம் இலையை வைத்து, மேலே உருமால் கட்டிக்கொள்வார். சூடு இறங்காது என்பார். அம்மா காய்ந்த பூவைப் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சளோடு அரைத்துக் குளிக்க வைத்திருப்பார். நீங்களும் அதிலிருந்தே தொடங்கலாம். பூவை வெயிலில் போடாமல் நிழலில், நொறுங்கும் பதம் வரும்வரை உலர்த்துங்கள். ஈரம் இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடித்துவிடும்.