பிஎச்டி மெயிலுக்குப் பதிலே வரலையா?

சார் வணக்கம். எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிருக்கேன், தீசிஸ் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) பத்தினது. வெளிநாட்டுல ஃபண்டிங்கோட பிஎச்டி பண்ணணும்னு மாசக்கணக்கா ப்ரொஃபசர்களுக்கு மெயில் போட்டுட்டு இருக்கேன், ஒருத்தர்கூட பதில் போடல. மார்க் கம்மிங்கறதாலயா? கைக்காசு போட்டுப் படிக்க வசதியில்ல. அனுப்பின மெயிலை இணைச்சிருக்கேன்.
ர.

அன்புள்ள ர.,

மெயிலைப் படிச்சேன். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு ரிசர்ச் குரூப்"னு ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் அவர் என்ன ஆராய்ச்சி பண்றார்னு ஒரு வரி இல்ல. பேரை மட்டும் மாத்தி ஊருக்கெல்லாம் அனுப்பினதுன்னு பாத்ததும் தெரிஞ்சிடும், உங்க மார்க்‌ஷீட்டை அவர் திறந்தே பாத்திருக்க மாட்டார்.

அதைவிட முக்கியமா, அவர்கிட்ட இப்ப காசு இருக்கான்னு பாத்தீங்களா? ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் பக்கமெல்லாம் பிஎச்டிங்கறது பெரும்பாலும் ஒரு வேலை. ப்ராஜெக்ட்டுக்கு கிராண்ட், அதாவது ஆராய்ச்சி நிதி வரும், அப்புறம் ஆள் தேவைன்னு விளம்பரம் போடுவாங்க, கான்ட்ராக்ட், மாசச் சம்பளம் எல்லாம் உண்டு, நெதர்லாந்துல வழக்கமா 4 வருஷம். அந்த விளம்பரங்கள் யூராக்ஸெஸ், அகாடமிக் ட்ரான்ஸ்ஃபர் மாதிரி சைட்ல வரும், அங்க அலர்ட் போட்டு வைங்க. ஐரோப்பிய யூனியன் நிதியில நடக்கிற மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் பிஎச்டி இடங்களும் யூராக்ஸெஸ்லயே வரும், அதுல ஒரு ரூல்: சேர்றதுக்கு முந்தின 36 மாசத்துல அந்த நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. வெளியில இருந்து வர்ற உங்களுக்கு அது சாதகம்தான்.

அமெரிக்கா கதை வேற. அங்க பெரும்பாலும் டிபார்ட்மென்ட்டுக்குத்தான் அப்ளிகேஷன், கடைசி தேதி அனேகமா டிசம்பர்லயே வந்துடும், சீட் கிடைச்சா டியூஷன் தள்ளுபடியும் ஸ்டைபெண்டும் (செலவுக்கான உதவித்தொகை) டீச்சிங் இல்ல ரிசர்ச் அசிஸ்டென்ட் வேலையோட சேந்து வரும். பிரிட்டன்ல ஸ்டூடென்ட்ஷிப் (பிஎச்டி உதவித்தொகை) விளம்பரத்தை நிதானமா படிங்க. சிலது உள்ளூர் மாணவர் ஃபீஸ் வரைக்கும்தான் கொடுக்கும், வெளிநாட்டு மாணவர் ஃபீஸுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் உங்க தலையில விழும்.

இப்ப மெயிலுக்கு வர்றேன். அவரோட சமீபத்திய பேப்பர் ஒண்ணை முழுசா படிங்க, அப்ஸ்ட்ராக்ட் மட்டும் படிச்சா மாட்டிக்குவீங்க. உங்க தீசிஸ் கேட்டலிஸ்ட் பத்தினதுன்னு சொல்லியிருக்கீங்க இல்லையா, அப்ப இப்படி எழுதலாம்: "உங்க பேப்பர்ல நாலாவது ரன்ல கேட்டலிஸ்ட் ஆக்டிவிட்டி குறையுது, என் தீசிஸ்லயும் அதே மாதிரி குறைஞ்சது, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சோதனை) எடுத்துப் பாத்தப்போ துகள்கள் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாயிருந்தது. அடுத்த வருஷம் ஃபண்டட் இடம் ஏதாவது திறக்குமா?" அவ்ளோதான், சிவி ஒரு பிடிஎஃப். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ரிமைண்டர், அதுக்கும் பதில் இல்லன்னா விட்டுடுங்க, அவங்க இன்பாக்ஸ் கண்றாவியா இருக்கும். விளம்பரம் வந்த இடத்துக்கு மட்டும் மெயிலோட நிறுத்தாம, அதுல சொன்ன போர்ட்டல்லயே அப்ளை பண்ணணும்.

ரெஃபரன்ஸ் லெட்டருக்கு உங்க கைடுகிட்ட இப்பவே சொல்லி வைங்க, கடைசி நாள்ல கேட்டா எவ்ளோ நல்ல மனுஷனும் ரெண்டு வரிதான் எழுதுவார்.

பல யுனிவர்சிட்டியில அப்ளிகேஷன் ஃபீ உண்டு, கஷ்டம்னா வெய்வர் (ஃபீ தள்ளுபடி) கேளுங்க, சில இடத்துல தருவாங்க. ஆனா ஃபண்டட் சீட் உறுதி, முன்பணம் கட்டுன்னு யாராவது தனியா மெயில் போட்டா அது டுபாக்கூர், பதில்கூட போடாதீங்க.