அவள் கேட்டாளா?

கேள்வி: என் மகள் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறாள். நான் 30 வருடமாக அதே துறையில் இருப்பவன். எங்கள் பிரிவில் பெண்கள் நிலைப்பதில்லை. கெட்டிக்காரப் பெண் ஒருத்தி பிரசவ விடுப்பு முடிந்து வந்தாள். சிரமப்பட வேண்டாமே என்று, அவள் கேட்காமலேயே, புது இயந்திரத்தை முதன்முதலாக ஓடவிடும் கமிஷனிங் வேலையிலிருந்து எடுத்து டாக்குமெண்டேஷனில் உட்காரவைத்தேன். அவளும் 2 வருடத்தில் ராஜினாமா செய்துவிட்டாள். மகளுக்கு எப்படித் தைரியம் சொல்வது?

பதில்: ஐயா, மகள் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் அந்தக் 'கேட்காமலேயே'வைப் பேசுவோம்.

ஓர் இயந்திரத்தை முதன்முதலாக ஓடவிடும்போது வரும் அதிர்வும் கசிவும், பாதி ராத்திரியில் அது டிரிப் ஆகி நிற்பதும்தான் என்ஜினீயரை உருவாக்குகின்றன. இது உங்களுக்குத் தெரியாததா? ப்ரமோஷன் நேரத்தில் "எந்த யூனிட்டை ஓடவிட்டாய்?" என்றுதானே கேட்பீர்கள்? அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் செய்தது நீங்கள். அவள் போனதற்குக் குழந்தையைக் காரணம் சொல்லாதீர்கள்.

எடித் கிளார்க் 1919-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் முதுநிலைப் பட்டம் வாங்கினார். அங்கே அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். ஜெனரல் எலக்ட்ரிக்கில் அவருக்குக் கிடைத்ததோ, கணக்குப் போடும் பெண்களை மேற்பார்க்கும் வேலை. 1921-இல் அதை விட்டுவிட்டு, கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஒரு பெண்கள் கல்லூரிக்கு இயற்பியல் கற்பிக்கப் போய்விட்டார். மறுவருடம் அதே கம்பெனி என்ஜினீயர் பதவி கொடுத்ததும் திரும்பி வந்தார். 1945 வரை அங்கேயே இருந்தார். படித்த வேலையைக் கொடுத்தால் பெண்கள் இருப்பார்கள், ஐயா.

இன்னொன்று கேட்கிறேன். அதே வருடங்களில் உங்கள் பிரிவில் எத்தனை பையன்கள் அப்பாவானார்கள்? ஒருவனையாவது நைட் ஷிப்டிலிருந்து எடுத்தீர்களா? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கண்விழிப்பது அப்பாவின் கடமையும்தான். அதற்கு அவனை வீட்டுக்கு அனுப்பாத மேலதிகாரி, எங்கோ வேலை பார்க்கும் அவன் மனைவியின் பிழைப்புக்கும் சேர்த்தே வேட்டு வைக்கிறார்.

சரி, அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். திரும்பி வரச் சொல்ல வேண்டாம். "உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தது என் தப்பு" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்து வரும் பெண்ணிடம் கேளுங்கள். சில மாதம் பகல் ஷிப்ட் போதும் என்பாள், அல்லது நாளைக்கே சைட்டுக்குப் போகிறேன் என்பாள். எது சொன்னாலும் அவள் பார்த்த யூனிட் அவள் பொறுப்பிலேயே இருக்கட்டும். சைட்டில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா, அவள் அளவுக்குக் கையுறையும் ஷூவும் பாதுகாப்பு பெல்ட்டும் இருக்கின்றனவா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஆண் உடம்புக்குத் தைத்த பெல்ட் தோளிலிருந்து நழுவினால், உயரத்தில் நிற்பவளுக்கு உயிர் போகும்.

அப்புறம் மகளிடம் போங்கள். இந்தக் கதையை உங்கள் தப்போடு சேர்த்துச் சொல்லுங்கள். உங்களைப் போலவே நல்ல மனதுள்ள ஒருவர் நாளை அவளையும் மேஜைக்கு மாற்றப் பார்ப்பார். அவருக்கு அவள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.